ஸ்வீட்டிக்கு எழுதிய சீட்டு

அம்பாசிடர் கார் வந்து நின்றபோது, கம்பவுண்டர் தணிகாசலம் ஒரு எருமையின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார்.

ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கார் வருவது வழக்கமில்லை. அங்கே வருகிற நோயாளிகள் நடந்து வரும், அல்லது வண்டியை இழுத்துக்கொண்டு வரும்.

இறங்கியவர் கோதண்டராமன். பென்னலூர் பக்கம் புதிதாக வந்திருந்த போல்ட் கம்பெனிக்கு மேனேஜர். பின்னால் அவர் மனைவி பங்கஜம். அவள் இடுப்பில், கைக்குழந்தை மாதிரி, வெள்ளை வெளேரென்று ஒரு பொமரேனியன். பெயர் ஸ்வீட்டி.

டாக்டர் மீட்டிங்குக்குக் காஞ்சிபுரம் போயிருந்தார். மாதத்தில் பாதி நாள் அவர் மீட்டிங்கில்தான் மாடுகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். மீதிக்குத் தணிகாசலம்.

மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். நாய்க்கு வாய் நாற்றம். வீடு, கார், படுக்கையறை, எங்கும் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஏதோ நாற்றம் அடிக்கிறதே என்று பங்கஜம் வாய் தவறிச் சொல்லிவிட்டாளாம். மேனேஜர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நாய்தான் இருந்தது.

அதிலிருந்து கம்பெனியில் போல்ட்டைவிட வைத்தியம்தான் அதிகம் உற்பத்தியானது. ஸ்டோர் கீப்பர் கிராம்புத் தண்ணீர் சொன்னார். போர்மேன் புதினாச் சாறு. யூனியன் தலைவர், போனஸ் பேச்சின் நடுவிலேயே, வேப்பங்குச்சி. ஸ்வீட்டி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது. குச்சியோடு வந்த போர்மேனை மட்டும் கடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் குணமாகாவிட்டால், நாயை மண்ணூரில் வாட்ச்மேன் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் முடிவாகச் சொன்னார்.

பங்கஜம் நாயை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். குவார்ட்டர்ஸில் பகல் முழுக்க அவளிடம் பேச இருந்தது அது ஒன்றுதான்.

தணிகாசலம் நன்றாகக் கை கழுவிக்கொண்டு நாயை மேஜைமேல் நிறுத்தினார். சின்ன நாய்களின் சங்கதியெல்லாம் டாக்டரின் புத்தகத்தில் பார்த்து வைத்திருந்தார். சின்னத் தாடையில் பல் நெருக்கியடித்து முளைக்கும். இடுக்கில் சோறு தங்கும். பாலில் ஊறின பிஸ்கட்டையே தின்றால் பல்லில் மஞ்சளாகக் காறை கட்டும். பால் பல் விழாமல் பக்கத்திலேயே புதுப்பல் வரும். ஈறு சீழ் பிடிக்கும். வயிறு கெட்டாலும் நாறும்.

உதட்டை விலக்கிப் பார்த்தார். அரிசி மாதிரிப் பல். ரோஜா நிறத்தில் ஈறு.

முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். ஸ்வீட்டி சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டது. வெட்கம் என்று நினைத்து, இழுத்து முகர்ந்தார்.

புதினா வாசனை.

அப்போதுதான் மேனேஜர் குனிந்து, ஏதாவது தெரிகிறதா என்று அவர் காதோரம் கேட்டார்.

இருபது வருஷம் சாணியிலும் சீழிலும் பழகின மூக்கு அது. அதுவே ஒரு அடி பின்வாங்கியது.

நிமிர்ந்தால், பங்கஜம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. கெஞ்சுகிற கண்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் தணிகாசலத்தின் மச்சான் அந்தக் கம்பெனியில் இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை.

சீட்டை எடுத்து நிதானமாக எழுதினார். காலையும் ராத்திரியும் பல் துலக்க வேண்டும். நாக்கை வழிக்க வேண்டும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வேண்டும். வெற்றிலை, புகையிலை அறவே கூடாது.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். நாய்க்கு ஏது புகையிலை என்று எப்படியோ கேட்காமல் விட்டுவிட்டார். நாய் எப்படிக் கொப்பளிக்கும் என்று கேட்டார்.

தணிகாசலம் அவர் பக்கம் நெருங்கிப்போய் விளக்கினார்.

"அது தானா செய்யாது சார். தெனம் ரெண்டு வேள நீங்க அது எதிர்ல நின்னுகினு ஒண்ணு விடாம செஞ்சு காட்டணும். ஒரு மாசம். அத்தப் பாத்து கத்துக்கும்."

மேனேஜர் கைக்குட்டையை முகத்தில் வைத்தபடி கேட்டுக்கொண்டார். நூற்றிருபது பேரை வேலை வாங்குகிறவர், பயிற்சி என்றால் அவருக்குப் புரியும். ஒரு மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அதே கார் வந்தது. மேனேஜரின் பல் பளிச்சென்றிருந்தது. நாய்க்குப் பூரண குணம் என்றார். கொப்பளிக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை, சுத்த சோம்பேறி என்றும் சொன்னார். காருக்குள்ளிருந்து பங்கஜம் இரண்டு கையும் கூப்பினாள். மடியில் ஸ்வீட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

தணிகாசலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலம் பெண்டாட்டி கிளியம்மாளிடம் கிட்டே உட்கார்ந்து கதை முழுக்கச் சொன்னார். மேனேஜர் மாதிரியே குனிந்து, காதோரம் பேசியும் காட்டினார். அவ்வளவு படித்த மனுஷனுக்குத் தன் வாய் தனக்குத் தெரியவில்லையே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கிளியம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டே கதையைக் கேட்டாள். அந்தச் சீட்டில் என்னென்ன எழுதினாய் என்று மட்டும் விசாரித்தாள்.

மறுநாள் தணிகாசலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் கயிற்றில் ஒரு நாய்க்குட்டி கட்டியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நாயென்றால் காத தூரம் ஓடுகிறவள் கிளியம்மாள்.

"இத்தோட வாயி ஒரே நாத்தமா கீது. நீதான் பெரிய டாக்டராச்சே, இன்னா பண்றதுன்னு பாரேன்."

தணிகாசலம் குட்டியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

பால் வாசனைதான் வந்தது.