பின் சீற்றில் ஒரு சட்டி

"கார்தான் பிழை. நூறு கிலோமீற்றருக்குப் பதினொரு லீற்றர் குடிக்குது. அடுத்த மாசம் புதுசு எடுப்பம்," என்றார் தவநேசன்.

"பிழை காரிலை இல்லை, உங்கடை காலிலை," என்றபடி மனைவி சுகிர்தா பெரிய சருவச்சட்டியொன்றைப் பின் சீற்றில் வைத்தாள்.

"தேங்காய்ப்பால் சொதியோ?"

"மூடி இறுக்கமில்லை. பாத்து ஓடுங்கோ."

சீற்றில் சொதி ஊற்றுப்பட்டால் அந்த மணம் கோடை முடிந்தாலும் போகாது. கார் அன்றைக்கு அன்னநடை போட்டது. தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதுமே காலை எடுத்தார். பச்சை விழுந்ததும் பூப்போல மிதித்தார். முந்திக்கொண்டு போய் பிரெஞ்சில் திட்டினவனுக்கும் 'மெர்சி' என்று நன்றி சொன்னார்.

"சொதி கமகமக்குது!" என்றார், கர்க்லாண்டில் சுகிர்தாவின் தங்கை நிருஷா வீட்டு வாசலில் காரை நிறுத்தி.

சுகிர்தா டாஷ்போர்டைப் போனில் படம் எடுத்தாள். "ஏழு லீற்றர்தான். பழைய கார் நல்லாத்தானே ஓடுது?"

ஓடிவந்த நிருஷா ஒற்றைக் கையால் சட்டியைத் தூக்கினாள். "இந்த வெறுஞ்சட்டியைத் திருப்பித்தரவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள், அக்கா?"

"ஓமடி. இனி எங்கடை காருக்கெண்டே ஒரு சட்டி வாங்கப்போறன்."