சூட்கேசுக்குள் முப்பத்தொரு பெண்கள்

"இதெல்லாம் உங்கடையோ?"

தாட்சாயினி கேட்டதும் ரதீசனின் முகம் கறுத்துப்போயிற்று.

கட்டில் முழுக்கப் பிரெஞ்சு கொமிக் புத்தகங்கள். முப்பத்தொன்று. அட்டைக்கு ஒருத்தி. ஒருத்தி இறுக்கிப் பிடித்த தோலுடுப்போடு பேயின் தலையை மயிரில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றாள். இன்னொருத்தி உதட்டுச்சாயம் கலையாமல், வாளைத் தோளில் போட்டுக்கொண்டு, இரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்தாள்.

குளிர்க் கையுறை தேடித்தான் அந்தப் பழைய சூட்கேசைத் திறந்தாள். மேலே ரதீசனின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், கீழே இந்தக் கூத்து. அவள் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, பாவம்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

"ஓம், என்ரதுதான்," என்றான் ரதீசன், யன்னலைப் பார்த்துக்கொண்டு.

"முப்பத்திநாலு வயசிலை?"

"சும்மா பொழுதுபோக்குக்கு..."

"அப்ப எறியுங்கோ."

"அது ஏலாது."

"ஏன் ஏலாது?"

ரதீசன் புத்தகங்களைத் திரும்பச் சூட்கேசுக்குள் அடுக்கத் தொடங்கினான். அடுக்கிக்கொண்டே சொன்னான்: "தாட்சா, ஒண்டு மட்டும். அம்மாட்டை இதைப் பற்றி மூச்சு விடாதையும்."

பயம் இருக்கத்தானே செய்யும். அவன் அம்மா ஞானாம்பிகை லேசுப்பட்ட மனிசியில்லை. வெள்ளிக்கிழமை விரதம், கோயிலில் தேவாரம், வீட்டில் சட்டம். போன கிழமைகூட, முதுகு தெரியச் சட்டை போட்டுவந்த சர்மிளா என்ற பெட்டையைக் கோயில் வாசலிலேயே மறித்து, "ஏன் பிள்ளை, முதுகுக்குக் குளிராதோ?" என்று கேட்டவர். சர்மிளா பிறகு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

மூன்று நாள் தாட்சாயினி புருசனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. குளியலறைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். ஒற்றைப் பின்னல், ஒட்டின கன்னம், கணக்கு ரீச்சராக இருந்த காலத்து அதே மூக்குக்கண்ணாடி. அப்படியானவளுகளைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு நான் எப்படித் தெரியப்போகிறேன் என்று நினைக்க அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ரொறொன்ரோவில் இருக்கிற தமையனுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலை வாறன். ஏனெண்டு கேளாதை. திரும்பிப் போவனோ தெரியாது."

சனிக்கிழமை காலை ரதீசன் புரோசார்ட்டில் உள்ள கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். மாமி ஜான்-டலோன் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயோடு வந்து, குசினியில் அதை வெட்டிக்கொண்டு நின்றார். போகிறதுதான் போகிறேன், என்னத்துக்குப் போகிறேன் என்று ஒருத்தருக்காவது தெரியட்டும். இப்படித்தான் தாட்சாயினிக்குத் தோன்றியது. புத்தகம் ஒன்றை எடுத்து வந்து மாமிக்கு முன்னால் வைத்தாள்.

"மாமி, இதைப் பாருங்கோ. உங்கட மகன்ரை சூட்கேசுக்குள்ளை கிடந்தது. இன்னும் முப்பது கிடக்கு."

மாமி கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். அதே பேய்த் தலை, அதே தோலுடுப்பு. மாமியின் கை அப்படியே நின்றுபோயிற்று.

"அவனைக் கேட்டனியோ?"

"கேட்டனான்."

"என்ன சொன்னவன்?"

"தன்ரதாம். எறியவும் ஏலாதாம். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவர்."

மாமி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கத்தி கத்தரிக்காயிலேயே குத்திக்கொண்டு நின்றது. இனி இடி விழப்போகிறது என்று தாட்சாயினி சுவரோடு ஒதுங்கினாள்.

"அவன் உனக்குப் பொய் சொல்லிப்போட்டான் பிள்ளை," என்றார் மாமி, மெதுவாக.

பொய்யா? இதற்கு மேலும் ஏதாவது இருக்கிறதா?

"அவன்ரை அப்பா காலமாகேக்கை அவனுக்கு நாலு வயசு. டோர்வல் எயார்போட்டிலை எனக்குப் பிளேன் கூட்டுற வேலை. சனம் சீற்றிலை விட்டிட்டுப் போற புத்தகமெல்லாம் குப்பைக்குத்தான் போகும். படத்தைப் பாத்துப் பிரெஞ்சு பிடிக்கலாமெண்டு ஒண்டை எடுத்தனான். பேந்து விடேலாமல் போச்சு."

தாட்சாயினி வாயைத் திறந்தபடி நின்றாள்.

"என்ன பாக்கிறாய்? ஆற்றையும் துணையில்லாமல் ஒரு பொம்பிளை இத்தனை பேயளை வெட்டிச் சாய்க்கிறாள். அதை வாசிச்சுப்போட்டுப் படுத்தால் அடுத்த நாள் வேலைக்கு எழும்ப ஒரு தெம்பு வரும். அவள் என்னத்தை உடுத்தால் எனக்கென்ன? வாளைப் பிடிக்கிற கையைத்தான் பாப்பன்."

"அப்ப... இதெல்லாம்..."

"கடைசி ஆறையும் அவன்தான் என்ரை போன பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தவன். மிச்சமெல்லாம் நான் பொறுக்கினது. நீ வரப்போறாய் எண்டதும் நான்தான் ஒளிக்கச் சொன்னனான்."

அப்பாடா என்றிருந்தது தாட்சாயினிக்கு. மூன்று நாளாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது ஒரேயடியாக இறங்கிற்று. சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மாமி சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"மருமகளுக்கு முன்னாலை என்ரை மரியாதை போகக்கூடாதெண்டு, பெண்சாதிக்கு முன்னாலை தன்ரை மரியாதையைக் குடுத்திட்டு நிண்டிருக்கிறான், விசரன்."