கன்ன பொத்து

தொலைக்காட்சித் திரையில் ஆயிரத்து அறுநூறு கல்தூண்கள் நின்றன. ஒன்றின்மேலும் கூரை இல்லை.

"இதிலை ஒன்பது மாடி இருந்ததாம், அப்பா. இப்ப குரங்குதான் இருக்கு."

சுஜாந்தினி கைபேசியைத் தட்டத் தட்டப் படங்கள் மாறின. இரட்டைக் குளம். வாசற்படியில் கிடந்த அரைவட்டக் கல், அதில் வரிசையாக யானையும் குதிரையும். பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நின்ற வெள்ளைத் தாதுகோபம்.

அனுராதபுரத்திலிருந்து அவள் டென்மார்க்கில் கோல்டிங்குக்குத் திரும்பி மூன்று நாள்தான். வெயில் உரித்த கழுத்துத் தோல் இன்னும் ஆறவில்லை.

அப்பா பாலேந்திரா சோபாவில் இருந்தபடி துவாய்களை மடித்துக்கொண்டிருந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்த கை. கண் திரையில் இருந்தாலும் மூலைக்கு மூலை பிசகாது.

வடிவாய்த்தான் இருக்கிறது என்றார். அந்தப் பக்கத்தை ரயில் யன்னலால் பார்த்ததோடு சரி என்றும் சொன்னார்.

அடுத்த படத்தில் ஒரு பெண். மடியில் தாமரைத் தட்டு. ஐம்பது வயதிருக்கும். சிரிக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர் குசுமலதா என்றாள் சுஜாந்தினி. புத்தர் கோயில் வெள்ளரச மரத்துக்குப் போகும் வழியில் பூ விற்பவள். உங்களிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி தந்துவிட்டிருக்கிறாள். அவள் சொன்னதை அப்பாவுக்குச் சொல்லத் தொடங்கினாள்.

பூ வாங்கக் குனிந்த சுஜாந்தினி தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்ததும் அந்தப் பெண் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவில்லை. அவள் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, வைகாசி மாதம், காலை நேரம். அந்த வழியால் துவக்குக்காரர் சுட்டுக்கொண்டு வந்தார்கள். பத்து வயதுக் குசுமலதா மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு தமிழ்ப் பெடியன் முன்னால் வந்து நின்றான். மீசை இன்னும் சரியாக அரும்பாத பெடியன். இரண்டு சொல் சொன்னான். பிறகு சுட்டான்.

தோளில் பட்ட குண்டோடு அவள் தப்பிவிட்டாள்.

வெடிச்சத்தம் மறந்துபோயிற்றாம். அந்த இரண்டு சொல்தான் போகவில்லை.

கன்ன பொத்து.

சிங்களத்தில் 'கன்ன' என்றால் சாப்பிட. பசியோடு வந்தவன் தின்ன ஏதோ கேட்டிருக்கிறான், கையில் இருந்ததைக் கொடுத்திருந்தால் சுட்டிருக்க மாட்டான் என்று நாற்பது வருடமாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பூ வாங்க வந்த தமிழர் சிலரிடம் கேட்டும் பார்த்தாள். எப்போது காதில் விழுந்த சொல் என்று சொன்னதும், தெரியாது என்று தலையாட்டிவிட்டு நடந்துவிட்டார்கள்.

சுஜாந்தினிக்கு உண்மையாகவே தெரியவில்லை. கோல்டிங்கில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ் சமையலறைக்கும் கலியாண வீடுகளுக்கும் போதும். என் அப்பாவுக்குத் தெரியாத தமிழ் இல்லை, கேட்டு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்து மகளின் இலக்கத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"தமிழ்தானே, அப்பா? என்ன கருத்து?"

பாலேந்திரா எழுந்து போய் யன்னலைச் சாத்தினார். வெளியே காற்று இல்லை.

"உது தமிழ் இல்லைப் பிள்ளை. மனிசிக்குப் பிழையாய்க் கேட்டிருக்கும்."

அவள் நம்பினாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கைபேசியை எடுத்து ஆங்கிலத்தில் எழுதினாள். மன்னிக்கவேண்டும், அது தமிழ்ச் சொல் இல்லையாம்.

"அனுப்பாதை."

நிமிர்ந்து பார்த்தாள். மடித்த துவாயை நெஞ்சோடு பிடித்தபடி அவர் திரைக்கு முன்னால் நின்றார். திரை முழுக்க அந்தப் பெண்ணின் முகம்.

"கண்ணைப் பொத்து எண்டு எழுது. பொத்துறது எண்டால் கையாலை மூடுறது. கண்ணை மூடத்தான் சொன்னது, தின்ன ஒண்டும் கேக்கேல்லை எண்டும் எழுது. குடுத்திருந்தாலும் சுட்டிருப்பான் எண்டு எழுது."

எழுதியதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதி அனுப்பினாள். கடைசி வசனத்தை மட்டும் விட்டுவிட்டாள். அதை எழுத மனம் வரவில்லை.

அங்கே இருட்டியிருக்கும். ஆனாலும் வாசித்ததற்கு அடையாளமாக உடனே இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. யாரோ இப்போது அதை அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

சுஜாந்தினிக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பது வருடம் ஒருவரும் அவிழ்க்காத முடிச்சை அப்பா கோல்டிங்கில் இருந்துகொண்டே அவிழ்த்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டேனிஷில் கேட்டுச் சிரித்தாள்.

அவர் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, மிக மெதுவாகச் சொன்னார்.

"பெரியவள் பயத்திலை தானாய்ப் பொத்தினவள். சின்னவள் பொத்தேல்லை. என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டவள்."

குசுமலதாவுக்கு ஒரு தங்கை இருந்ததை சுஜாந்தினி அவருக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை.