பழகுவதற்கு ஒரு கை

“நாளைக்கு காலேஜ்ல ப்ராக்டிகல்மா. உங்கையில ஒரு தடவ ரத்தம் எடுத்துப் பழகிக்கட்டுமா?”

லேப் டெக்னீஷியன் படிக்கும் கவுசல்யா இப்படிக் கேட்டதும், மரக்காணம் உப்பளத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அம்சவல்லி, வெடித்துப்போன கையை நீட்டினாள்.

“எத்தினி தடவ வேணா குத்திக்க. நீ பாஸானா சரி.”

ஒரே குத்தில் ரத்தம் எடுப்பவள் என்று காலேஜில் பேர் வாங்கியவளுக்கு இன்று இரண்டு முறை தவறியது.

“ஏன்டி இன்னிக்கு இப்பிடித் தவறுது?”

“பரீட்சை பயம்மா.”

மூன்றாவது குத்தில் குழாய் நிறைந்தது. பஞ்சை அழுத்திக்கொண்டே அம்மா சொன்னாள்:

“ஆஸ்பத்திரியில நேத்தே எங்கிட்ட ரத்தம் கேட்டாங்கடி. மாட்டேன்னு எழுந்து வந்துட்டேன். சுனாமியில கரை ஒதுங்குன அந்த உடம்பு உன் தம்பிதான்னு இந்த ரத்த டெஸ்டுல வந்துச்சுன்னா, எங்கிட்ட மட்டும் சொல்லாத. அவன் வருவான்னே இருந்துட்டுப் போறேன்.”