உங்களை மாத்தின ஓர் இழப்பு

“உங்க பொண்ணைப் பத்திப் படிச்சப்போ கமிட்டியில இருந்த பதினோரு பேரும் அழுதுட்டோம், மிசஸ் டோலஃப்சன்.”

அந்தப் பொண்ணுதான் போனைக் காதுல வச்சுக்கிட்டு நின்னா.

பேரு மேரன். போன் அம்மாவோடது. “மிசஸ் டோலஃப்சன்தானே?”ன்னு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தரு கேட்டாரு. பதினேழு வயசுத் தொண்டையைக் கொஞ்சம் தடிமனாக்கிக்கிட்டு, ஆமான்னுட்டா.

வேற என்ன சொல்றது? எடுத்த எடுப்புலயே அவரு, அண்ணன் ஆண்டர்ஸ் போனை எடுக்கல, அவனோட மெடிக்கல் ஸ்கூல் ஃபார்ம்ல அம்மா நம்பர் இருந்துச்சு, காலமான மேரனைப் பத்தியும் உங்ககிட்ட ரெண்டு வார்த்தை ஆறுதலாப் பேசணும்னு சொல்லிட்டாரு. அம்மா ரெண்டடி தள்ளி நின்னு அடுப்புலேர்ந்து பாத்திரத்தை இறக்கிக்கிட்டிருந்தாங்க.

“யாருடி?”ன்னு அம்மா வாயை மட்டும் அசைச்சாங்க.

“சர்வே”ன்னு இவளும் வாயை அசைச்சுட்டு, கராஜுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

பிப்ரவரி. பனி உறையற துலூத் ஊர்ல இந்த மாசம் ஸ்வெட்டர் இல்லாம கராஜுல நிக்கறவங்க ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல பொய் சொல்றவங்களா இருக்கணும்.

“நல்ல சேதிதான் மேடம். நேர்ல பார்த்தப்பவே உங்க பையனை எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. சீட் உறுதி.”

பேசினவரு டாக்டர் ப்ரூயெட். பாதி டாக்டர், பாதி ஆராய்ச்சின்னு எட்டு வருஷம் ஓடற அந்தப் படிப்புக்கு அவருதான் தலை.

மேரன் கண்ணை மூடிக்கிட்டா. அண்ணன் சீட்டுக்கு முயற்சி பண்றது இது ரெண்டாவது வருஷம். இருபத்தோரு இடத்துக்கு எழுதினான். இருபதும் முடியாதுன்னுடுச்சு. “இதுவும் போச்சுன்னா ஆயுசுக்கும் எலிக்கூண்டு கழுவிக்கிட்டே இருந்துடறேன்டி”ன்னு போன வாரம் சொன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ஆனா அன்னைக்கு அவன் சாப்பிடல. இந்த நேரத்துக்கும் அவன் லேபுல எலிக்கூண்டுதான் கழுவிக்கிட்டிருப்பான், போனை லாக்கர்ல போட்டுட்டு.

இவ ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா, அந்த இருபத்தொண்ணாவதும் போச்சு.

ஒவ்வொரு ஸ்கூலும் தனித்தனியாக் கேள்வி அனுப்பும். எங்க ஸ்கூல்தான் வேணும்னு ஏன் நினைக்கறீங்க, உங்க மனசைத் தொட்ட நோயாளி யாருன்னு. டோலஃப்சன் வீட்டுல இருந்த ஒரே நோயாளி மேரன். ஒன்பது வயசுல கிட்னில கிருமி தொத்தி நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. அஞ்சாம் நாள் ஐஸ் குச்சியைச் சப்பிக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டா.

அந்த நாலு நாளைத்தான் அண்ணனும் தங்கச்சியும் போன கோடை முழுக்க இழுத்தாங்க. எந்த ஸ்கூலுக்கு எந்த ஆராய்ச்சியில பேரோ, அந்த வியாதி மேரனுக்கு. ஒரு எடத்துல கட்டி, இன்னொரு எடத்துல வலிப்பு. மரபணு ஸ்கூலுக்கு, இன்னும் யாரும் பேரே வைக்காத ஒண்ணு. கடைசி வரியில எப்படியாவது குணமாயிடுவா.

குணமான இருபது எடத்துலயும் சீட் கிடைக்கல.

இந்த ஸ்கூல் மட்டும் வேற மாதிரி கேட்டுச்சு. உங்களை மாத்தின ஓர் இழப்பு, இருநூத்தம்பது வார்த்தைக்குள்ள.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“ம்.”

“அதுல ஒரு வரி. அதை மட்டும் எங்களால தாண்டவே முடியல. ‘இன்னும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா அவளையும் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க…’”

‘கூப்பிட்டதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வருது.’ மேரனோட உதடு சத்தமில்லாம அந்த வரியை முடிச்சுது.

ஏன்னா, அதை எழுதினது ஆண்டர்ஸ் இல்ல.

“எனக்குன்னு ஒரு இழப்பும் இல்லையேடி. போன வருஷம் சைக்கிள் திருடு போச்சு, அதை எழுதவா?”ன்னு அவன் அந்தக் கோடையில கேட்டான்.

“சைக்கிளுக்கு எவன்டா சீட் குடுப்பான்?”

“அப்ப நீ செத்துப்போ.”

“சரி. எத்தனை வார்த்தையில?”

விளையாட்டுக்குத்தான் ஆரம்பிச்சா. நாற்பது நிமிஷத்துல செத்துட்டா. அவ எழுதினதுலயே அதுதான் ரொம்ப நல்லா வந்துச்சு. ஆண்டர்ஸ் படிச்சுட்டு நெஜமாவே அழுதான். அழுதுக்கிட்டே அனுப்பற பட்டனை அழுத்திட்டான்.

“உங்க பையன் அருமையா எழுதறான்”ன்னாரு டாக்டர் ப்ரூயெட்.

“தேங்க்ஸ்”னு வாய்ல வந்துடுச்சு. மேரன் நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

“ஆகஸ்டுல புதுசாச் சேர்றவங்களுக்கு வெள்ளைக் கோட்டு போட்டுவிடற விழா. குடும்பத்தோட வாங்க. முதல் வரிசையில ஒரு நாற்காலியை மேரன் பேர்ல காலியா வைக்கறதா இருக்கோம். உங்களுக்கு வருத்தமா இருக்காதே?”

அந்த நாற்காலி கண்ணு முன்னாடி வந்துச்சு. பக்கத்துலயே புதுச் சட்டை போட்டுக்கிட்டு அம்மா, ஒண்ணும் புரியாம. தான் எங்க இருப்போம்னுதான் தெரியல. அன்னைக்கு வீட்டுல காய்ச்சலா? இல்ல, எட்டு வருஷமும் காய்ச்சலா?

“இல்ல. ரொம்ப… நல்ல யோசனை”ன்னா.

கராஜ் கதவு படார்னு திறந்துச்சு.

“மேரன்! எவ்வளவு நேரம்டி சர்வே? சாப்பாடு ஆறுது, வா!”

கதவு மூடிக்கிச்சு. அம்மா காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் போச்சு.

போன்ல மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் மூக்கை உறிஞ்சற சத்தம்.

“கடவுளே”ன்னாரு டாக்டர் ப்ரூயெட், தழுதழுத்து. “நெஜமாவே இன்னும் கூப்பிடறாங்க.”

மேரன் கராஜ் கதவை முதுகால அழுத்திப் பிடிச்சுக்கிட்டா.

அப்புறம் மெதுவா, லேப்ல ஒரு விடை பொருந்தாமப் போனா கேக்கற மாதிரி, அவரு கேட்டாரு:

“இப்ப கூப்பிட்டது அம்மான்னா… நீங்க யாரு?”