சனிக்கிழமை மேடம்

"குட்டி இருக்கட்டும். முதல்ல தாயைக் காட்டுங்க."

வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே அந்த அம்மாள் இப்படிக் கேட்டதும், வீட்டிலேயே நாய்க்குட்டி விற்கும் பொமரேனியன்காரருக்கு வியர்த்துவிட்டது. எட்டு வருட வியாபாரத்தில் யாரும் தாயைக் கேட்டதில்லை. குட்டியைக் கையில் கொடுத்தால் போதும், அது மோவாயை நக்கியதும் வந்தவர்கள் கவிழ்ந்துவிடுவார்கள். இந்த அம்மாளோ குட்டியை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். கஞ்சி போட்ட உடை, கையில் தடித்த நோட்டு, சிவப்புப் பேனா.

"தாய் வந்து... என் தம்பி வீட்டுல இருக்கு மேடம்."

"பரவாயில்ல, கொண்டுவந்து வைங்க. அடுத்த சனிக்கிழமை வர்றேன். நான் அவசரப்பட்டு வாங்குற ஆள் இல்ல."

நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அதோடு கிளம்பினாரா என்றால் இல்லை. இன்னும் முக்கால் மணி நேரம், ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிப் பல், காது, தொந்தி என்று ஒன்று விடாமல் பரிசோதித்துவிட்டுத்தான் எழுந்தார்.

கதவைச் சாத்தியதும் மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"ஏங்க, இவங்க வாங்க வந்தவங்க மாதிரி தெரியல. பிராணிங்க துறை ஆபீசர்தான். இப்பல்லாம் சாதாரண ஆளு மாதிரி வந்துதான் பிடிக்கிறாங்களாம்."

அவர் ஓடிப்போய்ப் பின்கதவைத் தாழிட்டார். தாய்கள் தம்பி வீட்டில் இல்லை. அவருக்குத் தம்பியே கிடையாது. பின்கட்டுத் தகரக் கொட்டகையில் ஆறு கூண்டுகளில் ஆறு தாய்கள் அடைந்து கிடந்தன. தடுப்பூசி அட்டையில் குத்துகிற டாக்டர் முத்திரை மேஜை டிராயரில் இருந்தது. டாக்டர்தான் எங்கேயும் இல்லை. மாட்டினால் உரிமம் போகும், கம்பி எண்ணவும் நேரலாம்.

அந்த வாரமே கொட்டகையைப் பிரித்துப் போட்டார். ஆறு தாய்களும் குளித்து, சிக்கெடுத்து, கூடத்துக்குக் குடிவந்தன.

மறு சனிக்கிழமை அந்த அம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறும் அவர் மேல் ஏறி விளையாடின. தப்பித்தோம் என்று பொமரேனியன்காரர் மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"ஊசி போட்ட டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமே."

"அவரு... வெளியூர் போயிருக்காரு மேடம்."

"வரட்டும். எனக்கென்ன அவசரம்? அடுத்த சனிக்கிழமை வர்றேன்."

அன்றே முத்திரை அடுப்புக்குள் போனது. நிஜமான டாக்டர் வந்தார், நிஜமான ஊசி போட்டார், நிஜமாகவே திட்டினார். இரண்டு தாய்களுக்கு இனிமேல் பிரசவமே கூடாது என்று எழுதியும் கொடுத்தார்.

மூன்றாவது சனிக்கிழமை, எந்தத் தாய் எத்தனை தடவை குட்டி போட்டது என்று விசாரணை. பொமரேனியன்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளதை உள்ளபடி சொன்னார். சொன்னபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"வாங்கினவங்களால வளர்க்க முடியலைன்னா, குட்டியைத் திருப்பி எடுத்துப்பீங்களா?"

"கண்டிப்பா மேடம்! எழுதியே தர்றேன்."

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்."

இதற்குள் வீடு தலைகீழாகியிருந்தது. நாய் வாடையே ஆகாது என்றிருந்த மனைவியின் காலடியில் இரண்டு நாய்கள் தூங்கின. தன் நாய்களுக்கு வாலாட்டத் தெரியும் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, இந்தச் சனிக்கிழமைக் கண்டம் மட்டும் நீங்கிவிட்டால்!

"ஒரு குட்டியைக் குடுத்து வாயை அடைச்சிடுங்க" என்று மனைவி யோசனை சொன்னாள்.

நான்காவது சனிக்கிழமை, அந்த அம்மாள் மடியிலிருந்த குட்டியைக் காட்டிக் குழைந்தார் பொமரேனியன்காரர்.

"இது உங்ககிட்ட நல்லா ஒட்டிக்கிச்சு மேடம். காசே வேண்டாம். இப்பவே எடுத்துட்டுப் போங்க."

அந்த அம்மாளின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாங்க!"

குட்டியை இறக்கிவிட்டு, மனம் வராமல் அதன் தலையை ஒரு தடவு தடவிவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தெருவில் இறங்கி நடந்தார்.

"போச்சு! நேர்மையான ஆபீசருக்கே லஞ்சம் குடுத்துட்டேன்" என்று பொமரேனியன்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அவர் பயந்தது போலவே அடுத்த சனிக்கிழமை வாசலில் அரசாங்க ஜீப் நின்றது. அடையாள அட்டை தொங்க ஓர் அதிகாரி இறங்கினார். கூடத்தைப் பார்த்தார், தாய்களைப் பார்த்தார், அட்டைகளைப் புரட்டினார், டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். இரண்டு மணி நேரம் கழித்து பொமரேனியன்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்தத் தொழில்ல இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லைங்க. இந்த வருஷம் சிறந்த வளர்ப்பாளர் விருதுக்கு உங்க பேரைத்தான் அனுப்பப்போறேன்."

பொமரேனியன்காரர் கைகூப்பினார்.

"எல்லாம் உங்க ஆபீஸ் மேடம் புண்ணியம் சார்."

"எந்த மேடம்? எங்க ஆபீஸ்ல இருக்கிறதே நானும் டிரைவரும்தான்."

அதே நேரம் நகரத்தின் மறுகோடியில், மடியில் ஒரு பக் நாய்க்குட்டியைப் போட்டுக் கொஞ்சிக்கொண்டே இன்னொரு வியாபாரியைக் கேள்விகளால் குடைந்துகொண்டிருந்தார், நாய் வளர்க்கக் கூடாது என்ற நிபந்தனையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் அந்தச் சிவப்புப் பேனாக் கணக்கு டீச்சர்.