பூஜை மணி

பக்கவாதத்தில் பேச்சிழந்த கணவர் தாமோதரனின் இடது கையில் செண்பகவல்லி பூஜை மணியைக் கொடுத்துவைத்தாள். தண்ணீர் வேண்டும், முதுகு வலிக்கிறது, எதுவானாலும் அடிக்கலாம். அவள் கட்டிலருகிலேயே உட்கார்ந்து, தன் நாவலை வரிவரியாக வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எழுத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்காத மனிதர், இப்போது வரி பிடிக்காவிட்டால் மணியடிக்கத் தொடங்கினார். 'நிலவு நாணியது' என்றாள், கிணிகிணி. 'நிலவு சிரித்தது', கிணிகிணி. பல்லைக் கடித்துக்கொண்டு 'நிலா இருந்தது' என்ற பிறகுதான் அந்தக் கை ஓய்ந்தது.

எதிர்வீட்டு ராசாத்தியக்கா ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் ஜன்னலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

"வீட்டுக்காரர் படுத்ததும் உனக்கு பக்தி முத்திப்போச்சு வல்லி."

"நீங்க வேற அக்கா. சாமிதான் என்னைப் பாடாப் படுத்துது."

இன்று கதாநாயகியின் கணவன் சாகும் அத்தியாயம். ஒரு பக்கம் முடிந்தும் மணி அடிக்கவில்லை. பிடித்துவிட்டது என்று பூரித்துப்போனாள். அடுத்த பக்கத்துக்கும் சத்தமில்லை. பேனா நின்றது.

"என்னங்க?"

அவர் கண்கள் மூடியிருந்தன. தொட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை. "நிலவு நாணி மேகத்துக்குள் முகம் புதைத்தது" என்றாள். அசைவில்லை. "வெட்கத்தில் கன்னம் சிவந்தது" என்று கத்தினாள்.

கிணிகிணி.

எதிர் ஜன்னலில் ராசாத்தியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செண்பகவல்லியும் போட்டுக்கொண்டாள்.